பெட் நம்பர் ஏழு அட்டெண்டர்

ஒலிபெருக்கி கரகரத்தால் போதும், காத்திருப்புக் கூடத்தில் இருக்கும் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவோம். "பெட் நம்பர் மூணு அட்டெண்டர், ஐ.சி.யூ.வுக்கு வரவும்" என்று குரல் வரும். மூன்றாம் எண்ணுக்குரிய ஆள் ஓடுவார். மற்றவர்கள் மறுபடி உட்காருவோம். அந்த ஒன்பது நாட்களில் எனக்கு வேறு பெயர் இல்லை. முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்புகள், கல்லூரி வேலை எல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்போடு கிடந்தன. நான் பெட் நம்பர் ஏழு அட்டெண்டர்.

அது 2018 ஜூலை கடைசி. அம்மாவுக்கு நிமோனியா முற்றி, ரத்தத்தில் தொற்று பரவி, மூச்சுக்கு வெண்டிலேட்டர் வைத்திருந்தார்கள். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. கூடத்துத் தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் சென்னை காவேரி மருத்துவமனையின் வாசல் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 28 அதிகாலையில் கலைஞரை அங்கே சேர்த்திருந்தார்கள். அவருடைய உடல்நிலை பற்றி அறிக்கை வரும்போதெல்லாம் கூடம் அமைதியாகிவிடும். எதிர் இருக்கையில் இருந்த பெண், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஒருநாள் சொன்னார்: "அவுகளுக்கு என்ன செய்யுதுன்னு ஊருக்கே தெரியுது. நம்ம ஆளுக்கு என்ன செய்யுதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக."

யாரும் சிரிக்கவில்லை. அவருடைய கணவர் உள்ளே போய் ஐந்து நாளாகியிருந்தது.

ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பாஸ். காலை 11 முதல் 11.15 வரை, மாலை 5 முதல் 5.15 வரை. ஒருவர்தான் போகலாம். அவரும் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ரத்த சொந்தம் என்றால் நானும் தம்பியும். தம்பி பெங்களூரில் இருந்தான். முதல் நாள் நான் மட்டும்தான் இருந்தேன். மருத்துவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "வீட்டுல ஜென்ட்ஸ் யாரும் வரலையா மேடம்?" என்றார். தம்பி இரவு வந்துவிடுவான் என்றேன். "அப்ப அவரும் வந்துரட்டும். சேர்த்துச் சொல்லிடறேன்."

தம்பி வந்தான். அவனை மட்டும் அறைக்குள் அழைத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்கு நிமிடக் கணக்கு தெரியும். வெளியே வந்த தம்பி, "கொஞ்சம் சீரியஸ்தான்க்கா. பார்க்கலாம்னு சொல்றார்" என்றான். பன்னிரண்டு நிமிடப் பேச்சு என்னிடம் வந்து சேர்ந்தபோது ஒற்றை மூச்சில் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. நான் திரும்பி, தூணோரம் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அத்தையிடம் போனேன். "நல்லாயிருக்காங்க அத்தை. பயப்படாதீங்க" என்றேன். தம்பி என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்தான். நான் அத்தையைக் காப்பாற்றுவதாக நினைத்து மறைத்தேன். அவன் செய்ததற்கு அன்றே அவன்மேல் கோபம் வந்தது. நான் செய்ததை உணர எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அத்தை அப்பாவின் தங்கை. இருபத்து நாலு வயதில் கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர். நான் பிறக்கும்போது அவர் அந்த வீட்டில் இருந்தார். எனக்கு எண்ணெய் தேய்த்து விட்டதும் தலைவாரி விட்டதும் அவர்தான். 2006-இல் அப்பா இறந்தபின் அம்மாவும் அத்தையும் மட்டுமே அந்த வீட்டில் இருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக அம்மா எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும், எந்தக் கால் வீங்கும், எந்தக் கறி ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அத்தைக்குத் தெரியும். நானும் தம்பியும் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வருகிற விருந்தாளிகள்.

முதல் மாலையே அத்தை பாஸ் கேட்டார். காவலாளி, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்றார். "என் மதினி." "மதினியெல்லாம் ரத்த சொந்தம் கிடையாதும்மா." அத்தை யோசித்துவிட்டு, "ரேஷன் கார்டுல எங்க ரெண்டு பேரு பேரும் ஒண்ணா இருக்கு தம்பி. கொண்டாரட்டா?" என்றார்.

குடும்ப அட்டை என்று அரசாங்கம் பெயர் வைத்து அச்சடித்துக் கொடுத்த ஆவணம் அது. மருத்துவமனை வாசலில் அது செல்லவில்லை. பாஸ் என் கையில் இருந்தது. நான் கொடுத்திருக்கலாம். காவலாளியிடம் சண்டை போட்டிருக்கலாம். "வேண்டாம் அத்தை, நீங்க பார்த்தா தாங்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு நானே உள்ளே போனேன். நான்கு நாட்கள் அப்படித்தான் போனேன்.

உள்ளே அம்மாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்றார்கள். ஊசி போட்டு மயக்கத்தில் வைப்பார்கள், விழிப்பு தட்டியதும் அம்மா தலையை இப்படியும் அப்படியும் அடிப்பார், மறுபடி ஊசி. "நாங்க சொல்றது எதுவும் உங்கம்மாவுக்கு ஏற மாட்டேங்குது" என்றார் பகல்நேரச் சிஸ்டர். தீவிர சிகிச்சைப் பிரிவில் வருகிற மனக்குழப்பம், வயதானவர்களுக்குச் சகஜம் என்று விளக்கினார். நான் தலையாட்டினேன். அம்மாவின் காலருகே நின்று பதினைந்து நிமிடம் அழுதுவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் இரவு கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது அத்தை கேட்டார்: "ஏட்டி, அவுக எந்தப் பக்கம் நின்னு மதினிகிட்ட பேசுதாவ?"

கட்டிலின் இடப்பக்கம் வெண்டிலேட்டர். எல்லோரும் வலப்பக்கம்தான் நிற்பார்கள். சொன்னேன்.

"சோத்தாங்கைப் பக்கக் காது மதினிக்குச் சுத்தமாக் கேக்காதுல்லா. சின்னப் பிள்ளையில சீழ் வச்சுப் போச்சு. கண்ணாடியும் போட்டிருக்க மாட்டாவ. கண்ணும் தெரியாம காதும் கேக்காம கையையும் கட்டிப் போட்டா எந்த மனுசிதான் சும்மா கிடப்பா?"

எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கு வலது காது கேட்காது என்பது நாற்பதை நெருங்கிய எனக்குத் தெரியாது. அம்மா எப்போதும் தலையை லேசாகத் திருப்பியே பேசுவதை அவருடைய சாயல் என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன்.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார். "பாட்டி, நீங்க வாங்க. அஞ்சு நிமிஷம்தான்." சுற்றிலும் பார்த்துவிட்டு அத்தையை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தை வெண்டிலேட்டருக்கும் கட்டிலுக்கும் இடையே இருந்த சந்தில் நுழைந்து, குனிந்து, அம்மாவின் இடது காதில் ஏதோ பேசினார். பிறகு சிஸ்டர் அதே இடத்தில் குனிந்து பேசினார். மறுநாள் காலை நான் போனபோது கட்டில் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருந்தது. பேனாவால் எழுதியிருந்தது: "இடது காதில் பேசவும். கண்ணாடி போடவும்."

அதனால்தான் அம்மா பிழைத்தார் என்று சொல்ல மாட்டேன். மருந்தும் கருவியும் மருத்துவர்களின் உழைப்பும் அவரைப் பிழைக்க வைத்தன. ஆனால் அன்று காலை கட்டு அவிழ்ந்திருந்தது. ஆடிப் பெருக்கன்று குழாயை எடுத்தார்கள்.

அம்மா வீடு திரும்பிப் பல மாதங்கள் கழித்து, நர்சிங் கல்லூரி ஒன்றில் கற்பிக்கும் தோழியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையை அனுப்பினார். 'ஹார்ட் அண்ட் லங்' என்ற அமெரிக்க இதழில் 1979-இல் வெளிவந்தது. எழுதியவர் நான்சி மோல்ட்டர் என்ற செவிலியர். அவர் செய்தது மிக எளிமையான காரியம். தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகளின் உறவினர்கள் 40 பேரைச் சந்தித்தார். 45 தேவைகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து, ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறிய ஆய்வு இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மேற்கோள் காட்டப்படுகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே அப்போது இளம் பிள்ளை. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் காற்றைச் செலுத்தச் செய்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து, இரவு பகலாகக் கையாலேயே பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அதிலிருந்து 1953-இல் உருவானது இந்தத் தனிப் பிரிவு. ஒரு மனிதக் கை விடாமல் அமுக்கியதில் தொடங்கிய இடம், கருவிகள் பெருகப் பெருகக் கதவை மூடிக்கொண்டது. தொற்று வரும், வேலைக்கு இடைஞ்சல், நோயாளிக்குப் படபடப்பு, உறவினர்கள் தாங்க மாட்டார்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கடைசிக் காரணத்தை நானும் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

மோல்ட்டரின் பட்டியலை முதன்முறை வாசித்தபோது காத்திருப்புக் கூடத்துக்கே திரும்பிப் போனதுபோல இருந்தது. நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது என்று உணர வேண்டும். இதுதான் முதலிடம். மருத்துவமனை ஊழியர்கள் என் ஆள்மேல் அக்கறை வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். காத்திருக்கும் அறை நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உடல்நிலையில் மாற்றம் வந்தால் வீட்டுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். இனி என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். கேட்கிற கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். புரிகிற சொற்களில் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒரு முறையாவது தகவல் வேண்டும். அடிக்கடி பார்க்க விட வேண்டும்.

முந்தானையால் முகம் துடைத்த அந்தப் பெண் கேட்டதும் இதைத்தான். அவர் சொன்னபோது அது புலம்பல். 45 வரிகளில் எண் போட்டு அடுக்கியபோது அது அறிவாகிவிட்டது. பெண்ணியம் படித்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. வீட்டுக்குள் புலம்பலாகக் கிடந்ததை எண்ணி, பெயரிட்டு, பட்டியலிட்டுத்தானே நாம் வேலை என்றும் வன்முறை என்றும் ஊதியமில்லா உழைப்பு என்றும் நிறுவினோம்? அதே காரியத்தை ஒரு செவிலியர் மருத்துவமனைக்குள் செய்திருக்கிறார். உறவினர்களின் கண்ணீரை அதிகம் பார்ப்பது செவிலியர்தான். பார்த்ததைத் தொந்தரவு என்று ஒதுக்காமல் தரவு என்று எடுத்துக்கொண்டதில் இருக்கிறது மோல்ட்டரின் அரசியல். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை என்றாலும்.

நம்பிக்கையும் நேர்மையான பதிலும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை வேண்டும் என்பவர்கள் பொய் சொல்லச் சொல்லவில்லை. "நல்லாயிருக்காங்க அத்தை" என்று நான் சொன்னது நம்பிக்கை அல்ல, பூட்டு.

அந்தப் பட்டியலில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. வசதியான நாற்காலி, நல்ல சாப்பாடு, அழுவது தவறில்லை என்ற உணர்வு, என் உடல்நலத்தைப் பற்றி யாராவது கவலைப்படுவது. தமக்கென்று கேட்க வேண்டிய இவற்றையெல்லாம் உறவினர்கள் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். இதைத் தியாகம் என்று படிக்கலாம். தன் பசியைக் கடைசியில் வைத்தே பழகியவர்களிடம் கேட்டால் வேறு எந்த வரிசை வரும் என்றும் கேட்கலாம். நான் ஒன்பது நாளும் கூடத்துக் கழிப்பறைக்கு வெளியே வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தவள். மாதவிலக்கு வந்த ஒரு பெண் மாற்றுத்துணிக்கு வழியில்லாமல், ஒலிபெருக்கி கூப்பிட்டுவிடுமோ என்று கடைக்கும் போகாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள். அவரிடம் பட்டியலைக் கொடுத்திருந்தால் அவரும் தன் தேவைக்குக் கடைசி எண்தான் போட்டிருப்பார். கடைசி எண் போட்டதால் அது தேவையில்லை என்று ஆகிவிடாது.

மோல்ட்டரின் பட்டியலை ஜேன் லெஸ்கி என்ற இன்னொரு செவிலிய ஆய்வாளர் எடுத்து வளர்த்தார். 1991-இல் அவர் வெளியிட்ட கட்டுரை 677 உறவினர்களின் பதில்களைப் பகுத்து, 45 தேவைகளையும் ஐந்து கட்டுக்குள் வைத்தது: உறுதி, தகவல், அருகாமை, ஆறுதல், துணை. இந்த வினாத்தாள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல நாட்டு மருத்துவமனைகளில் கேட்கப்பட்டிருக்கிறது. பிரான்சில் 21 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று மாதம் கழித்து உறவினர்களைத் தொடர்புகொண்டு கேட்டது. மூவரில் ஒருவரிடம் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோயின் அறிகுறிகள் இருந்தன. நோயாளியிடம் அல்ல, கூடத்தில் காத்திருந்தவரிடம்.

இந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுபவர் ஜூடி டேவிட்சன். கலிபோர்னியாவைச் சேர்ந்த செவிலியர், ஆய்வாளர். 2010-இல் அவர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு முதலில் உடைவது அர்த்தம். நேற்றுவரை காப்பி கேட்ட மனுஷி இன்று குழாய்களுக்கு நடுவே கிடக்கிறாள். இதற்கு என்ன பொருள்? அந்தப் பொருளைக் கண்டுபிடிக்கத் துணைநிற்பது செவிலியின் வேலை என்கிறார் அவர். கருவியின் ஓசை எதைக் குறிக்கிறது என்று சொல்வது, தொடலாம் என்று சொல்வது, பேசச் சொல்வது, உதட்டுக்கு ஈரம் தடவுவது போன்ற சின்னக் காரியத்தைக் கையில் கொடுப்பது, வீட்டிலிருந்து மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் கொண்டுவரச் சொல்வது. இதைப் படித்தபோது அந்த வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு ஞாபகம் வந்தது. அந்த இளம் சிஸ்டர் டேவிட்சனைப் படித்திருக்கமாட்டார். அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் அத்தை சொன்னதைக் கேட்கும் காது.

டேவிட்சன் முதல் ஆசிரியராக இருந்து 2017-இல் வெளியான வழிகாட்டு நெறிகளில் குடும்பம் என்றால் யார் என்று ஒரு விளக்கம் வருகிறது. யார் குடும்பம் என்பதை நோயாளி தீர்மானிக்கிறார். அவரால் முடியாதபோது அவர் சார்பில் முடிவெடுப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். ரத்த உறவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவருக்குத் துணையாக இருப்பவர், அவரோடு ஆழ்ந்த உறவுள்ளவர் குடும்பம். இதை வாசித்துவிட்டு வெகுநேரம் மேசையில் தலைவைத்திருந்தேன். மருத்துவத்துறையின் ஆவணம் ஒன்றில் என் அத்தைக்கு இடமிருந்தது. காதலித்துச் சேர்ந்து வாழும் இரு பெண்களுக்கு, திருநங்கையர் வீட்டில் மகளாகத் தத்தெடுக்கப்பட்டவளுக்கு, ஊரை விட்டு ஓடிவந்து சாதி மாறி மணந்தவளுக்கு எல்லாம் இடமிருந்தது. ரத்த சொந்தம் மட்டும் என்று எழுதிய பலகை முதலில் வெளியே நிறுத்துவது இவர்களைத்தான்.

நான் தமிழ் படித்தவள். இந்த இடத்தில் செவிலி என்ற சொல்லை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நர்சுக்கு நாம் வைத்திருக்கும் இந்தப் பெயர் அகப்பாடல்களிலிருந்து வந்தது. அங்கே செவிலி தலைவியைப் பெற்றவள் அல்ல, வளர்த்தவள். தோழியைப் பெற்றவள். அவளுக்குத் தலைவியோடு ரத்த சொந்தம் கிடையாது. ஆனால் தலைவி மெலிந்தால், உறக்கம் கெட்டால், கண்டுபிடிப்பது அவள். உண்மையை வெளிப்படுத்துவதற்கு அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயர் வைத்தது. தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, தந்தைக்கும் தமையனுக்கும் செய்தி கடைசியில்தான் போகும். இன்னும் வியப்பு, அகப்பாடலில் தந்தையும் தமையனும் நேராகப் பேசுவதே இல்லை. அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் எடுத்துச் சொல்லலாம், அவர்களுக்கெனத் தனிக் கூற்று இல்லை என்று தொல்காப்பியம் செய்யுளியலில் விதிக்கிறது.

இருபது வருடமாக இதை வகுப்பில் நடத்துகிறேன். ஐ.சி.யூ. வாசலில் நின்றபோதுதான் இதன் தலைகீழ் வடிவம் கண்ணில் பட்டது. மருத்துவர் தம்பிக்குச் சொன்னார், தம்பி எனக்குச் சொன்னான், நான் அத்தைக்குச் சொன்னேன். தமையனிடம் தொடங்கிய செய்தி வளர்த்தவளிடம் வரும்போது வெறுங்கூடாக இருந்தது. சங்க காலப் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று பழம்பெருமை பேச வரவில்லை. அந்தச் சங்கிலியும் காதலைக் கண்காணித்த சங்கிலிதான். ஆனால் உடம்பைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது என்பதை அந்த மரபு சரியாக அறிந்திருந்தது.

அம்மா வீடு வந்த முதல் மாதம் யாரோடும் பேசவில்லை. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் அத்தையிடம் சொல்லியிருக்கிறார்: "ரைஸ்மில்லுல சாக்குக்குள்ள வச்சுக் கட்டிப் போட்டுட்டாவ. மில்லு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இவளும் இவ தம்பியும் வீட்டை எழுதி வாங்க வந்து நின்னாவ. இவ கால்மாட்டுல நின்னு அழுத மாதிரி நடிச்சா."

என்னால் தாங்க முடியவில்லை. நான் காலருகே நின்று அழுதது உண்மை. கட்டிப் போட்டிருந்தது உண்மை. மில் ஓடியது வெண்டிலேட்டர். உண்மைகளையெல்லாம் எடுத்து மயக்கம் வேறொரு கதையைத் தைத்திருந்தது. தீவிர சிகிச்சையிலிருந்து மீண்ட பலருக்கு இப்படி நடக்கிறது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இதற்கு ஸ்காண்டிநேவிய நாட்டுச் செவிலியர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள்: நாட்குறிப்பு. நோயாளி மயக்கத்தில் இருக்கும் நாட்களில் செவிலியரும் குடும்பத்தாரும் அவருக்காக எளிய மொழியில் எழுதி வைப்பது. இன்று மழை பெய்தது, உங்கள் மகள் வந்தாள், தொண்டைக்குழாயைப் பிடுங்கப் பார்த்தீர்கள், அதனால் கையைப் பிடித்துக்கொண்டோம். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ்டினா ஜோன்ஸ் என்ற செவிலிய ஆய்வாளர் தலைமையில், ஆறு ஐரோப்பிய நாடுகளின் 12 பிரிவுகளில், 352 நோயாளிகளோடு நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு மாதம் கழித்து நாட்குறிப்பைப் பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கே அதிர்ச்சிசார் மனநோய் புதிதாக வந்தது. அதுவரை பெறாதவர்களில் 13 சதவீதம் பேருக்கு வந்தது.

நாங்கள் அந்த ஆய்வைத் தெரிந்து செய்யவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, விடைத்தாள் மதிப்பீட்டுக் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் நான் கிறுக்கி வைத்திருந்தேன். மருந்துச் சீட்டு எண், கட்டிய பணம், யார் யார் வந்தார்கள், டி.வி.யில் என்ன ஓடியது. அத்தை அதை வாசிக்கச் சொன்னார். அத்தை ஐந்தாம் வகுப்பு. தினமும் சாயந்திரம் நான் தொலைபேசியில் ஒரு நாள் குறிப்பை வாசிப்பேன். அத்தை அதை அம்மாவின் இடது காதில் தன் மொழியில் சொல்வார். "மதினி, அன்னைக்கு ராத்திரி நான் வந்தேன்லா, உங்க காதுல என்ன சொன்னேன்?" அம்மா யோசித்தார். "கருவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சுன்னு சொன்ன." மயக்கத்திலும் ஒரு உண்மை உண்மையாகவே உள்ளே போயிருந்தது. மில் கதை போக இன்னும் சில மாதங்கள் ஆயின. முழுதும் போயிற்றா என்று எனக்கு இன்றும் சந்தேகம். ஆனால் அம்மா என்னோடு பேசத் தொடங்கினார்.

குடும்பத்தை மையமாக வைத்த சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் உடனே கைதட்டிவிடவும் எனக்குப் பயம். நம் ஊரில் குடும்பம் என்றால் அது பெரும்பாலும் ஒரு பெண். அரசு மருத்துவமனைப் பொது வார்டில் துடைப்பதும் புரட்டுவதும் மலம் எடுப்பதும் கூட இருக்கிற மனைவியோ மகளோ மருமகளோதான். அங்கே அருகாமை கேட்டுப் பெற்ற உரிமை அல்ல, ஆள்பற்றாக்குறையை அடைக்கும் கல். கதவு மூடியிருந்தால் பெண்ணுக்குத் தகவல் இல்லை. திறந்தால் பெண்ணுக்கு ஓய்வில்லை என்று ஆகிவிடக்கூடாது. டேவிட்சனின் நெறிகள் இதைத் தெளிவாகவே வைக்கின்றன. குடும்பத்துக்கு வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும், கட்டாயம் அல்ல. சான்றுகள் இன்னும் வலுப்பட வேண்டும் என்பதையும் அந்த ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

செவிலியையும் மறந்துவிடக்கூடாது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து போராடிய தொகுப்பூதியச் செவிலியர்களின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். தனியார் மருத்துவமனைகளில் அதற்கும் குறைவாக வாங்கியவர்கள் உண்டு. பல படுக்கைகளுக்கு ஒருத்தியாக ஓடுகிற பெண்ணிடம் போய், குடும்பத்தின் அர்த்தத்தையும் மீட்டுக் கொடு என்று கேட்பது இன்னொரு இலவச உழைப்பைக் கேட்பதுதான். அந்த இரவு ஐந்து நிமிடத்தை எங்களுக்குக் கொடுத்த பெண், பிடிபட்டிருந்தால் வேலையை இழந்திருக்கலாம். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். நான் பெட் நம்பர் ஏழாக இருந்ததைப் போல அவரும் எனக்குப் பெயரில்லாதவராகவே இருந்திருக்கிறார்.

போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. வேறொரு மருத்துவமனை. பதிவுச் சாளரத்தில் உடனிருப்பவர் பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினார். "அவ பேரைச் சொல்லு" என்று அத்தையைக் காட்டினார்.

"உறவு என்னன்னு போட?" என்றார் கணினியின் முன்னால் இருந்த பெண்.

நான் சொல்லத் தொடங்கும் முன் அம்மா சொன்னார்: "கூட இருக்கிறவன்னு போடு."

கணினியில் அப்படி ஒரு தேர்வு இல்லை. கணவர், மனைவி, மகன், மகள், தந்தை, தாய், இதரர். அந்தப் பெண் 'இதரர்' என்பதை அழுத்தினார். அட்டையை வாங்கி அத்தை கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு சுற்றி நடந்து அம்மாவின் இடப்பக்கம் போய் நின்றுகொண்டார்.